ரேஸ் டிரைவர் சம்பளம் எங்கேர்ந்து வருதுன்னு முழுசா எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க விளையாட்டுப் பக்கத்துல ஃபார்முலா 1 டிரைவருங்க சம்பளப் பட்டியல் வந்திருந்துச்சு. மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கு 2024ல சம்பளமும் போனஸும் சேர்த்து ஏழரைக் கோடி டாலர்னு ஃபோர்ப்ஸ் போட்ட கணக்கு, நம்ம பணத்துல 600 கோடிக்கு மேல, அதுக்கு அடுத்து ஹாமில்டன், அப்படியே வரிசையா. கணக்குல தப்பு சொல்ல வரல. ஆனா அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து எங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல போட்டு "பையனை ரேஸ்ல விடலாம்னு இருக்கேன், எத்தனை வருஷத்துல சம்பாதிக்க ஆரம்பிப்பான்"னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. அவருக்கு பதில் எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுக்கிட்டே போச்சு, சரி இதை உங்களுக்கே எழுதிடலாம்னு தோணுச்சு. நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருக்கிற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல பல வருஷமா மார்ஷலா நிக்கிறவன். கொடி காட்டுறது, நின்னு போன காரை தள்ளுறது, டிராக்ல சிந்தின ஆயில் மேல பவுடர் போடுறது, இதுதான் வேலை, ஆசைக்காகப் போறது. டிரைவருங்களை ஹெல்மெட் கழட்டின உடனே பக்கத்துல பாக்குற வாய்ப்பு எங்களுக்குத்தான் அதிகம், அதனால சொல்றேன், நீங்க போட்டது இந்தத் தொழிலோட உச்சாணிக் கொம்பு மட்டும்தான், மரத்தைக் காட்டவே இல்ல.

ஃபார்முலா 1ல 2025 வரைக்கும் மொத்தமே 20 சீட்டு, காடிலாக் டீம் சேர்ந்தப்புறம் 22. ஜெயிச்சா பரிசுப் பணம் டிரைவர் கைக்கு வரும்னு நெறைய பேரு நினைச்சிட்டிருக்காங்க, அங்க அப்படி இல்ல, சாம்பியன்ஷிப்ல டீம் எந்த எடத்துல முடிச்சதோ அதை வச்சு பணம் டீமுக்குத்தான் போகும். டிரைவருக்கு கான்ட்ராக்ட்ல எழுதினது மட்டும்தான், அடிப்படை சம்பளம் இவ்வளவு, புள்ளிக்கு இவ்வளவு, ஜெயிச்சா இவ்வளவுன்னு. 2021ல டீமுங்களுக்கு செலவு வரம்பு கொண்டு வந்தப்போ கூட டிரைவர் சம்பளத்தை அந்த வரம்புக்குள்ள சேர்க்கல, மேல இருக்கிற நாலஞ்சு பேருக்கு இவ்வளவு பெரிய தொகை குடுக்க முடியறதுக்கு அதுவும் ஒரு காரணம். அமெரிக்கால வேற மாதிரி, இண்டியானாபோலிஸ் 500ல பரிசுத் தொகையை வெளிப்படையா அறிவிப்பாங்க, 2024ல ஜெயிச்ச ஜோசஃப் நியூகார்டனுக்கு 42 லட்சத்து 88 ஆயிரம் டாலர். அதுலயும் அவரு கைக்கு எவ்வளவு, டீமுக்கு எவ்வளவுங்கிறது கான்ட்ராக்ட்லதான் இருக்கும்.

சரி, கான்ட்ராக்ட்ல எழுதிட்டா பணம் வந்துடுமான்னா அதுவும் கிடையாது. முன்னாள் உலக சாம்பியன் கிமி ரைக்கோனன் 2012ல லோட்டஸ் டீமுக்கு வந்தாரு. புள்ளிக்கு 50,000 யூரோ போனஸ்னு அப்போ பரவலா எழுதினாங்க. மனுஷன் அந்த வருஷம் 207 புள்ளி எடுத்து சாம்பியன்ஷிப்ல 3வது வந்துட்டாரு, கணக்குப் போட்டா போனஸ் மட்டுமே ஒரு கோடி யூரோவை தாண்டுது, அடுத்த வருஷமும் 183 புள்ளி. டீம்கிட்ட பணம் இல்ல. 2013 அபுதாபி ரேஸ் சமயத்துல இந்த வருஷம் எனக்கு ஒரு யூரோ கூட வரலன்னு அவரே வெளிப்படையா சொன்னாரு, கடைசி ரெண்டு ரேஸுக்கு முதுகு ஆபரேஷன்னு போயிட்டாரு, அடுத்த வருஷம் ஃபெராரி. உலக சாம்பியனுக்கே இந்த நெலமைன்னா கீழ இருக்கிறவங்களை யோசிச்சுப் பாருங்க. இன்னொண்ணும் யாரும் எழுதறதில்ல, ஃபார்முலா 1 ஓட்டணும்னா சூப்பர் லைசென்ஸ் வேணும், அதுக்கு வருஷா வருஷம் கட்டணம் உண்டு, முந்தின வருஷம் எவ்வளவு புள்ளி எடுத்தாங்களோ அவ்வளவு கூடும். வெர்ஸ்டாப்பன் 2023ல 575 புள்ளி எடுத்ததால அடுத்த வருஷ லைசென்ஸுக்கு மட்டும் 12 லட்சம் யூரோ வந்துச்சு.

இப்போ அந்த சம்பளம் எதுக்குன்னு பாப்போம், ஏன்னா உட்கார்ந்து ஸ்டீயரிங் திருப்புறதுக்கா இவ்வளவு பணம்னு உங்க பேப்பர் ஆன்லைன் செய்திக்கு கீழயே பத்து பேரு கேட்டிருந்தாங்க. 2023 கத்தார் ரேஸ் பாத்தவங்க அப்படி கேக்க மாட்டாங்க. எஸ்டபன் ஓகான் ஹெல்மெட்டுக்குள்ளயே வாந்தி எடுத்துட்டு ரேஸை முடிச்சாரு, லோகன் சார்ஜண்ட் முடியாம நடுவுலயே காரை நிறுத்திட்டாரு, லான்ஸ் ஸ்ட்ரோல் கண்ணு இருட்டிட்டு வந்துச்சுன்னு சொன்னாரு. அதுக்கப்புறம்தான் விதி வந்துச்சு, 2025ல இருந்து ஹீட் இண்டெக்ஸ், அதாவது வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் போடுற கணக்கு, 31 டிகிரியை தாண்டும்னு கணிச்சாங்கன்னா காருக்குள்ள கூலிங் சிஸ்டம் வைக்கணும். 31 டிகிரிங்க. நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அது காலைல எட்டு மணி கணக்கு.

மத்தியானம் ரேஸ் முடிஞ்சு பிட்டுக்கு, அதாவது டீம் காரை நிறுத்துற எடத்துக்கு, வர்ற பையனைப் பாருங்க ஒரு தடவை. தீப்பிடிக்காத துணில மூணு அடுக்கு, உள்ள பனியன், தலைல இருந்து கழுத்து வரைக்கும் மூடுற பாலக்லாவா துணி, கையில கிளவுஸ், அதுக்கு மேல ஹெல்மெட். பெல்ட்டை அவனால கழட்ட முடியாது, விரல் மடங்காது, மெக்கானிக்தான் கழட்டி விடுவாரு. எறங்கினதும் ஓவராலை இடுப்பு வரைக்கும் உரிச்சு விடுவான், தோள்பட்டைல பெல்ட் அழுத்தின எடம் ரெண்டு பக்கமும் சிவப்பா கோடு போட்டிருக்கும், ஈரத்துண்டை பின்கழுத்துல போட்டுட்டு சுவத்துல சாஞ்சு நிப்பான். அங்கேயே விட்டுட்டா பரவால்ல, அடுத்த அஞ்சு நிமிஷத்துல இன்ஜினியர் லேப்டாப்போட வந்துடுவாரு, மூணாவது வளைவுல ஏன் பிரேக்கை சீக்கிரம் விட்டே, மூக்கு திரும்ப மாட்டேங்குதா, இல்ல பின்பக்கம் வழுக்குதா, எந்த லேப்ல இருந்து. அந்த நெலமைலயும் அவன் தெளிவா பதில் சொல்லணும். அதுக்குள்ள ஸ்பான்சர் கம்பெனி ஆளுங்க குடும்பத்தோட போட்டோ எடுக்க வந்து நிப்பாங்க, உடனே அந்தக் கம்பெனி தொப்பியை தலைல மாட்டிட்டு சிரிக்கணும். அந்த தொப்பி போடாம போடியத்துல (ஜெயிச்சவங்க நிக்கிற மேடை) ஏறிட்டான்னா அதுவே கான்ட்ராக்ட்ல பிரச்சனை ஆகும். இது மூணும் சேர்ந்ததுதான் அவனோட வேலை, வேகமா ஓட்டுறது, காருல என்ன நடக்குதுன்னு வார்த்தைல சொல்லத் தெரியறது, பணம் போட்டவங்களுக்கு முகம் குடுக்கிறது. முதல் ஒண்ணு மட்டும் தெரிஞ்சவங்க ரொம்ப நாள் நின்னு நான் பாத்ததில்ல.

ரெண்டாவது சொன்னேனே, காரைப் பத்தி சொல்லத் தெரியறது, அதுக்குன்னே சம்பளம் வாங்குறவங்க இருக்காங்க, இதை உங்க பக்கத்துல பெருசா எழுதணும்னு ஆசைப்படறேன். செபாஸ்டியன் புவேமின்னு ஒருத்தர், ஃபார்முலா 1ல கடைசியா ரேஸ் ஓட்டினது 2011ல. அத்தோட வாழ்க்கை முடிஞ்சுதா? டொயோட்டா அவரை வேலைக்கு எடுத்துச்சு, லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸை நாலு தடவை ஜெயிச்சிருக்காரு, எலெக்ட்ரிக் கார் ரேஸான ஃபார்முலா இ சாம்பியன் ஆனாரு, இன்னொரு பக்கம் ரெட் புல் டீம் ஃபேக்டரில சிமுலேட்டர் வேலை, அதாவது நிஜ கார் மாதிரியே இருக்கிற மெஷின்ல ஓட்டிப் பாக்குறது. டீம் எங்கயோ ரேஸுக்குப் போயிருக்கும், வெள்ளிக்கிழமை பிராக்டிஸ் முடிஞ்சதும் அந்த டேட்டாவை இங்கிலாந்துக்கு அனுப்புவாங்க, சிமுலேட்டர் டிரைவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு செட்டப்பா ஓட்டிப் பாத்து எது வேகம்னு சொல்லணும், காலைல டிராக்ல இருக்கிற காரை அதை வச்சு மாத்துவாங்க. டிவில அவரு மூஞ்சி வராது. ஆனா மாசா மாசம் சம்பளம் வரும், நிரந்தரமான தொழில் இதுதான். நம்ம நாராயண் கார்த்திகேயனும் 2006, 2007ல வில்லியம்ஸ் டீம்ல டெஸ்ட் டிரைவரா வேலை பாத்தவருதான்.

நாராயண் பேரு வந்ததால சொல்றேன். 2005ல ஜோர்டான் டீம் கார்ல அவரு ஃபார்முலா 1க்கு போன முதல் இந்தியர், அந்தக் கார்ல டாடா பேரும் பாரத் பெட்ரோலியம் பேரும் இருந்துச்சு. ஸ்பான்சர் கொண்டு வர்ற டிரைவர், பே டிரைவர்னு ஒரு மாதிரி எளக்காரமா சொல்லுவாங்க, உங்க கட்டுரைலயும் அந்த தொனி இருந்துச்சு, அது எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு. வாடகை ஆட்டோ ஓட்டுறவரு முதலாளிக்கு தினவாடகை கட்டிட்டுத்தான் வண்டியை எடுக்கிறாரு, அதனால அவரு டிரைவர் இல்லன்னு சொல்லிடுவோமா? நிக்கி லாடா யாரு, மூணு தடவை உலக சாம்பியன். ஆரம்பத்துல வீட்டுல பணம் தர மாட்டேன்னுட்டாங்க, பேங்க்ல கடன் வாங்கித்தான் சீட்டுக்கு பணம் கட்டினாரு. 1976ல தீக்காயம் பட்டதுக்கு அப்புறம் எப்பவும் சிவப்பு தொப்பி போட்டிருப்பாரு, அந்த தொப்பில கூட பார்மலாட்ங்கிற பால் கம்பெனி பேரு போட எடம் வித்து அதுலயும் சம்பாதிச்சாரு. பாஸ்டர் மால்டொனாடோவுக்கு வெனிசுலா அரசு எண்ணெய் கம்பெனி பணம் குடுத்துச்சு, அவரு 2012ல ஸ்பெயின்ல வில்லியம்ஸ் காரை ஜெயிக்க வச்சாரு, 2025 சீசன் முடியற வரைக்கும் அந்த டீமோட கடைசி வெற்றி அதுதான். அப்புறம் எண்ணெய் வெலை விழுந்துச்சு, கம்பெனி பணம் நின்னு போச்சு, 2016 சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சீட்டும் போயிடுச்சு. எஸ்டபன் ஓகான் அப்பா அம்மா வீட்டை வித்துட்டு ஒரு கேரவன்ல குடியிருந்துக்கிட்டு பையனை கார்ட்டிங் ஓட்ட வச்சாங்க. யார் பணத்துல உக்காந்தாங்கங்கிறது வேற, உக்காந்தப்புறம் என்ன பண்ணாங்கங்கிறது வேற, எழுதும்போது ரெண்டையும் பிரிச்சு எழுதணும்.

அடுத்தது, நடிகர் அஜித்குமார் டீம் 2025 ஜனவரில துபாய் 24 மணி நேர ரேஸ்ல 991ங்கிற போர்ஷே கார் பிரிவுல 3வது வந்துச்சு, நீங்களும் முதல் பக்கத்துல போட்டீங்க, சந்தோஷம். அவரு 2003லயே ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010ல ஃபார்முலா 2 ஓட்டினவரு, நேத்து வந்தவரு இல்ல. ஆனா அந்த மாதிரி நீண்ட ரேஸ்ல பணம் எப்படி ஓடுதுன்னு ஒரு வரி கூட இல்ல. ஒரு காரை மூணு நாலு பேரு மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ டிரைவருங்களை பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் (வெண்கலம்)னு நாலு தரமா பிரிச்சு வச்சிருக்கு. பிரான்ஸ்ங்கிறது பெரும்பாலும் சொந்தத் தொழில் வச்சிருக்கிறவங்க, ஆசைக்கு ஓட்டுறவங்க, காரோட செலவுல பெரும்பகுதி அவங்க தலைலதான். லெ மான்ஸ் உட்பட உலக எண்டியூரன்ஸ் (நீண்ட நேர ரேஸ்) சாம்பியன்ஷிப்ல எல்எம்ஜிடி3ங்கிற ஸ்போர்ட்ஸ் கார் பிரிவுல ஒவ்வொரு கார்லயும் ஒரு பிரான்ஸ் டிரைவர் கட்டாயம் இருக்கணும்னு 2024ல இருந்து விதியே இருக்கு. அந்த பிரான்ஸ் டிரைவருக்குப் பக்கத்துல சம்பளத்துக்கு எடுக்கிற சில்வர், கோல்டு டிரைவர் இருக்கான் பாருங்க, உலகத்துல ரேஸ் ஓட்டி குடும்பம் நடத்துற ஆளுங்கள்ல பெரிய கூட்டம் அவங்கதான். அவன் வேகமா ஓட்டினா மட்டும் போதாது, முதலாளிக்கு வளைவு வளைவா சொல்லிக் குடுக்கணும், வீடியோ போட்டுக் காட்டணும், அவரை ரெண்டு செகண்டு வேகமாக்கணும், ஏன்னா அந்தப் பிரிவுல ஜெயிக்கிறது தோக்கிறது பிரான்ஸ் டிரைவர் லேப் டைம்லதான் இருக்கு. சொல்லிக் குடுக்கத் தெரிஞ்ச டிரைவருக்கு அடுத்த வருஷமும் போன் வரும்.

நம்ம ஊருக்கு வர்றேன். சோழவரம் விமான ஓடுதளத்துல ரேஸ் நடந்த காலத்துல ஓட்டினவங்க பெரும்பாலும் வசதியானவங்க, சொந்தக் காசு. 1953ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் 1990ல இருங்காட்டுக்கோட்டை டிராக்கைத் திறந்துச்சு, 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. அதுக்கப்புறம் எம்ஆர்எஃப், ஜேகே டயர் மாதிரி கம்பெனிங்க பணம் போட்டதாலதான் சாதாரண வீட்டுப் பசங்களும் ஓட்ட முடிஞ்சுது. இருந்தாலும் நம்ம நேஷனல் சாம்பியன்ஷிப்ல பரிசுப் பணத்தை நம்பி யாரும் ஓட்டல, நல்லா ஓட்டுற பையனுக்கே டயர் செலவுக்குப் பத்தாது. அப்போ எப்படி பொழைக்கிறாங்க? காலைல கார்ட்டிங் பசங்களுக்கு கோச்சிங், கார் கம்பெனி புது மாடல் விட்டா டிராக்ல வாடிக்கையாளரை பக்கத்துல உக்கார வச்சு ஓட்டிக் காட்டுறது, கம்பெனி டிரைவருங்களுக்கு பாதுகாப்பு பயிற்சி, டயர் டெஸ்டிங், கராஜ்ல டியூனிங். நம்ம சென்னைக்காரரு கருண் சந்தோக் 2010ல எச்ஆர்டி டீம்ல ஃபார்முலா 1 ஓட்டினவரு, இப்போ இங்கிலாந்து டிவில ரேஸை அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு விளக்குறாரு, அதுவும் ஓட்டிக் கத்துக்கிட்ட அறிவுக்கு வர்ற சம்பளம்தான். ஆனா ஒண்ணு, கருணும் சரி நாராயணும் சரி, ஏற்கனவே ரேஸ்ல ஊறின குடும்பம், யார்கிட்ட போகணும், எப்படி கேக்கணும்னு வீட்டுலயே சொல்லிக் குடுக்க ஆள் இருந்துச்சு. அம்பத்தூர்ல லேத் பட்டறை வச்சிருக்கிறவர் பையனுக்கு அது கிடையாது.

அந்தப் பையனுக்குத்தான் உங்க பேப்பர் தேவை. எனக்குத் தெரிஞ்ச ஒரு அப்பா ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எப்பவும் கைல வச்சிருப்பாரு. உள்ள பையனோட ரிசல்ட் ஷீட், கார் படம், எந்த எடத்துல கம்பெனி பேரு போடலாம்னு கோடு போட்டு வச்ச வரைபடம், அப்புறம் பேப்பர்ல வந்த செய்தி. அந்தக் கடைசிப் பகுதில இருந்தது ஒரே ஒரு துண்டு, அதுலயும் பையன் பேரு இல்ல, "சீறிப்பாய்ந்த கார்கள்"னு ஒரு படம், கீழ "ரசிகர்கள் உற்சாகம்"னு எழுதியிருந்துச்சு. அவரு போற எடத்துல எல்லாம் மார்க்கெட்டிங் ஆளு கேக்குற முதல் கேள்வி, உங்க பையன் பேரு எதுலயாவது வந்திருக்கா? காருல ஒரு ஸ்டிக்கர் ஒட்ட பணம் குடுக்கிறவருக்கு அந்த ஸ்டிக்கரை யாராவது பாத்தாங்களான்னு தெரிஞ்சாகணும், அவரு மேல தப்பு சொல்ல முடியாது. பேரு வந்தா ஸ்பான்சர், ஸ்பான்சர் வந்தா புது டயர், புது டயர் போட்டாத்தான் லேப் டைம், லேப் டைம் வந்தாத்தான் மறுபடி பேரு. இந்த சுத்துல எங்கயாவது ஒரு எடத்துல யாராவது ஆரம்பிச்சு வைக்கணும், அது உங்களால முடியும்.

2024 ஆகஸ்ட் கடைசில தீவுத்திடல்ல ராத்திரி ஃபார்முலா 4 ஸ்ட்ரீட் ரேஸ் நடந்துச்சே, 3.5 கிலோமீட்டர் ரோட்டு டிராக், தெற்காசியாவுலயே பெரிய விஷயம். டிராஃபிக் எங்க திருப்பி விட்டாங்க, கோர்ட்ல என்ன ஆச்சு, யார் யார் விஐபி வந்தாங்க, எல்லாம் பக்கம் பக்கமா வந்துச்சு. அதெல்லாம் வேணாம்னு சொல்லல, ஊர் பணம், ஊர் ரோடு, கேள்வி கேக்கத்தான் வேணும். ஆனா அந்தக் கார்ல ஒக்காந்திருந்த பசங்க யாரு, எந்த ஊரு, யாரு பணம் கட்டினா, ஜெயிச்சவனுக்கு என்ன கெடைச்சுது, இதுல எதையாவது ஒரு வாசகராவது உங்க பேப்பர் படிச்சு தெரிஞ்சிருப்பாங்களா?

அந்த வாட்ஸ்அப் அப்பா மாதிரி இருக்கிறவங்களுக்கும் நீங்க எழுதணும். கார்ட்டிங், அப்புறம் ஃபார்முலா எல்ஜிபி, ஃபார்முலா 4, அதுக்கு மேல வெளிநாடு, ஃபார்முலா 3, ஃபார்முலா 2, ஒவ்வொரு படியும் முந்தினதை விட பல மடங்கு செலவு, மேல போனா ஒரு சீசனுக்கே கோடிக்கணக்குல போகும், அது வரைக்கும் சம்பளம் இல்ல, கட்டணம்தான். சூப்பர் லைசென்ஸுக்கு மூணு வருஷத்துல 40 லைசென்ஸ் புள்ளி சேர்த்தாகணும், பணம் இருந்தா மட்டும் அது வராது. சீட்டு உறுதி பண்ணித் தர்றேன்னு முன்பணம் கேக்குற ஏஜெண்டுகிட்ட பேசுறதுக்கு முன்னாடி எத்தனை டெஸ்ட் நாள், எத்தனை செட் டயர், மோதி உடைஞ்சா யாரு செலவு, இது மூணையும் பேப்பர்ல எழுதி வாங்கச் சொல்லுங்க. இடிச்ச காருக்கு பில்லு வந்தப்புறம் அழுத அப்பாக்களை பேடாக்ல (டிராக்ல டீமுங்க தங்குற எடம்) பாத்திருக்கேன். பையனுக்கு ஆசை இருந்தா தாராளமா சேர்க்கலாம், ஓட்டுறதோட சேர்த்து மெக்கானிக்கல் படிப்பு, நல்லா பேசப் பழகுறது, டேட்டா படிக்கிறது இதெல்லாம் பன்னெண்டு வயசுலயே ஆரம்பிச்சிடணும், ஏன்னா பின்னாடி சோறு போடப் போறது அதுதான்.

நான் கேக்குறது பெரிய விஷயம் இல்ல சார். அடுத்து இருங்காட்டுக்கோட்டைல நேஷனல் ரவுண்டு நடக்குறப்போ ஒரு நிருபரை ரெண்டு நாள் அனுப்புங்க, சனிக்கிழமை குவாலிஃபையிங் (யார் எந்த எடத்துல இருந்து கிளம்பணும்னு முடிவு பண்ற ஓட்டம்), ஞாயித்துக்கிழமை ரேஸ். ஒவ்வொரு பிரிவுலயும் முதல் மூணு பேரோட பேரு, ஊரு, டீம், பெஸ்ட் லேப் டைம், நாலு வரி போதும். உள்ளூர் லீக் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் போடுறீங்கல்ல, அதே பக்கத்துல ஒரு ஓரம். மெனக்கெடவும் வேணாம், ரேஸ் முடிஞ்ச கொஞ்ச நேரத்துல டைம்கீப்பிங் ரூம்ல ரிசல்ட் ஷீட் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுவாங்க, ஆட்சேபனை நேரம் முடிஞ்சு ஸ்டூவர்டுங்க (ரேஸ் நடுவருங்க) கையெழுத்து போட்டதுக்கு அப்புறம் வர்றதுதான் இறுதி ரிசல்ட், அதை மட்டும் எடுத்துக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு டிராக் மார்ஷல்,
பூந்தமல்லி, சென்னை.